பாம் த்ரீ-எக்ஸ்இ: பேட்டரி, புத்தகம், பஞ்சாங்கம்

விலாசம், நாட்குறிப்பு வைக்கவும் புத்தகம் படிக்கவும் பயன்பட்ட பழைய பாம் கைக்கருவி கிடைத்தால் உடனே பேட்டரி போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் பின்பக்கத்து மூடியைக் கழற்றிப் பேட்டரி அறையைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ அப்பச்சியோ அம்மானோ கொண்டுவந்து, பேட்டரியோடு அலமாரியில் வைத்து மறந்துபோன கருவியாக இருந்தால், ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொருக்கோ பச்சைக் களிம்போ படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் புதுப் பேட்டரியை நுழைத்தால் கருவி எழாது. செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிற பாதிக் கருவிகளின் கோளாறு இவ்வளவுதான்.

மாடல்களைப் பற்றி முதலில். 1998-ல் வந்த பாம் த்ரீயில் நினைவகம் 2 எம்பி. 1999-ன் த்ரீ-எக்ஸில் 4, 2000-ன் த்ரீ-எக்ஸ்இயில் 8. மூன்றுக்கும் இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி போதும், திரை 160-க்கு 160 புள்ளி. 1999-ல் வந்த பாம் ஃபைவ் பார்க்க அழகு, ஆனால் உள்ளே லித்தியம் பேட்டரியை வைத்துக் கூட்டைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரி மாற்றப் பசையைச் சூடுகாட்டி இளக்கித்தான் பிரிக்க வேண்டும். படிக்கவும் விலாசம், தேதி வைக்கவும் ஒரே ஒரு பழைய கருவி வேண்டுமென்றால் த்ரீ-எக்ஸ்இயைத் தேடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் சட்டி, தூண், நிலைக்கதவு வாங்கலாம். இந்த மாதிரிச் சாமானுக்கு வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி வைப்பதுதான் வழி.

பொருக்கை எடுக்கும் முன் எந்த வகைப் பேட்டரி கசிந்தது என்று பாருங்கள். உறையில் அல்கலைன் என்று இருந்தால் வழிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்கான பொட்டாசியம் கார்பனேட்டாகிறது. இது காரம், ஆகவே பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துத் தொட்டால் நுரைத்துக் கரையும். டார்ச்சுக்கும் கடிகாரத்துக்கும் போடும் மலிவான கார்பன்-துத்தநாகப் பேட்டரி என்றால் கசிவு அமிலம். அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். இரண்டு வகையிலும் கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் பேட்டரி போடுங்கள். ஸ்பிரிங்கில் துரு நின்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் மேல்பூச்சு போன ஸ்பிரிங் ஐப்பசி ஈரத்தில் திரும்பவும் துருப்பிடிக்கும். தேய்த்த இடத்தில் லேசாக ஈயம் பற்றவைத்துவிட்டால் நிற்கும். எலுமிச்சம்பழச் சாறு வேண்டாம், அதன் சர்க்கரை பிசுபிசுப்பாக உள்ளேயே தங்கிவிடும். மின்வேதியியல் காரைக்குடிக்குப் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பேட்டரி ஏன் கசிகிறது என்று தெருவுக்கு ஒருவராவது சரியாக விளக்கிச் சொல்லக்கூடிய ஊர் இது.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கருவியில் நாம் ஏற்றும் புத்தகமும் எழுதும் விலாசமும் மின்சாரம் இருக்கிறவரை மட்டும் நிற்கிற நினைவகத்தில்தான் இருக்கின்றன. இயங்குதளம் தனியாக ஃபிளாஷில் இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். மற்ற எல்லாம் பேட்டரியை நம்பி நிற்பவை. பேட்டரி மாற்றும் இடைவெளியில் உள்ளே ஒரு கெபாசிட்டர் தாங்கிப் பிடிக்கும். புதுக் கருவிக்கே கையேடு சொல்வது ஒரு நிமிடம். கால் நூற்றாண்டு கழிந்த கெபாசிட்டர் அதில் பாதியாவது தாங்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் அவர் 1992-ல் மறைந்தபின் சென்னைக்குப் போய், 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அச்சுத்தாள் அத்தனை காலம் பொறுக்கும். இங்கே ஒரு நிமிடம் மின்சாரம் அறுந்தால் மொத்த நூலகமும் காலி.

அதனால் பேட்டரி மாற்றும் முறை: முதலில் கணினியோடு ஹாட்சிங்க் (இரண்டிலும் உள்ள விவரங்களை ஒத்துப்போக வைப்பது) செய்து நகல் எடுங்கள். கருவியை அணைத்துவிடுங்கள். புதுப் பேட்டரி இரண்டையும் உறை பிரித்து, எந்த முனை எந்தப் பக்கம் என்று பார்த்துக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். பிறகு மூடியைத் திறந்து பழையதை எடுத்துப் புதியதைப் போடுங்கள். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மாற்றினால் நினைவகம் தப்பும் என்று சிலர் சொல்வது தவறு. இரண்டு பேட்டரியும் தொடராக இணைந்தவை, ஒன்றை எடுத்தாலே மின்சாரம் அறுந்துவிடும். கருவியைக் கணினியோடு இணைக்கும் தாங்கியான ஹாட்சிங்க் தொட்டிலில் வைத்தபடி மாற்றினாலும் பயனில்லை. த்ரீ வரிசையின் தொட்டில் மின்சாரம் தராது, தகவல் மட்டும்தான் கடத்தும்.

ரீசார்ஜ் பேட்டரி போடலாமா? போடலாம், ஆனால் எச்சரிக்கையாக. அல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். கருவி அல்கலைன் என்றே கணக்குப் போடுவதால், நிறைய சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்ததுபோலக் காட்டும். திரைக்குக் கீழே எழுதுகோலால் எழுதும் பகுதியில் குறுக்குவழிக் குறியான ஷார்ட்கட் கோட்டை வரைந்து, இரண்டு முறை தட்டிப் புள்ளி வைத்து, எண் பகுதியில் 7 எழுதினால் பேட்டரி வகை மாறும். அடுத்தடுத்து எழுத எழுத வகைகள் சுற்றி வரும். ரீசார்ஜ் பேட்டரியின் மின்னழுத்தம் கடைசிவரை ஒரே மட்டமாக இருந்து திடீரென்று விழும். எச்சரிக்கைக்கும் மரணத்துக்கும் நடுவே அவகாசம் குறைவு. தினமும் கணினியோடு இணைப்பவர்கள் ரீசார்ஜ் போடட்டும், மற்றவர்களுக்கு நல்ல அல்கலைன்தான் சரி.

கருவி பல ஆண்டு பேட்டரி இல்லாமல் கிடந்ததென்றால் அதனுள் பழைய விவரம் எதுவும் இருக்காது. யார் சொன்னாலும் மீட்கப் பணம் கொடுக்காதீர்கள். தேட வேண்டிய இடம் அந்தக் காலத்து வீட்டுக் கணினி. அதன் சி டிரைவில் பாம் என்ற கோப்புறை இருக்கும், அதற்குள் உரியவரின் பெயரைச் சுருக்கிய இன்னொரு கோப்புறை. விலாசம், நாட்குறிப்பு, குறிப்பு, செய்யவேண்டியவை என்று நாலு உட்கோப்புறைகளில் டாட் (.dat) என்ற பின்னொட்டோடு கோப்புகள் கிடக்கும். கூடவே பேக்கப் என்று ஒன்று இருந்தால் அதில் புத்தகங்களும் இருக்கும். வன்வட்டைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு இந்த ஒரு கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதும். பாம் டெஸ்க்டாப் மென்பொருளில் அதைத் திறந்து, எக்செல்லில் படிக்கக்கூடிய சிஎஸ்வியாக விலாசங்களை வெளியே எடுத்துவிடலாம். பர்மா, இலங்கை, மலேயா என்று பரந்த குடும்பங்களின் விலாசப் பட்டியல் இப்படி எத்தனை வன்வட்டுகளில் கிடக்கிறதோ. கணினியைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேபிள் விஷயம். த்ரீ வரிசையின் தொட்டில் ஒன்பது முனை சீரியல் போர்ட்டில் சேர்வது. இன்றைய மடிக்கணினியில் அது கிடையாது, யுஎஸ்பி-சீரியல் மாற்றி வேண்டும். இதில் ஒரு நன்மை உண்டு. பின்னால் யுஎஸ்பியோடு வந்த பாம் மாடல்களுக்கு 64-பிட் விண்டோஸுக்கான யுஎஸ்பி டிரைவரை பாம் நிறுவனம் தரவில்லை. சீரியல் மாடல்களுக்கு அந்தச் சிக்கலே வராது. மாற்றியைச் செருகியதும் விண்டோஸ் அதற்கு காம் 11, காம் 14 என்று பெரிய எண்ணைக் கொடுத்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் போய் 1 முதல் 4-க்குள் மாற்றி, ஹாட்சிங்க் அமைப்பிலும் அதே எண்ணைக் கொடுங்கள். பாதியில் அறுந்தால் வேகத்தை 57,600-க்கோ அதற்கும் கீழேயோ இறக்குங்கள், பல மலிவு மாற்றிகள் அதற்கு மேல் தடுமாறும். லினக்ஸில் பைலட்-லிங்க், ஜே-பைலட் என்ற இரண்டு நிரல்களும் உதவும். பயனரை டயல்-அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் போர்ட் திறக்காது. சீரியல் தொட்டிலானால் முதலில் நிரலைத் தொடங்கிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். யுஎஸ்பி மாடலுக்கு இது தலைகீழ், பொத்தானை அழுத்தினால்தான் போர்ட்டே தோன்றும். தொட்டில் பொத்தான் வேலை செய்யாவிட்டால் திரையிலுள்ள ஹாட்சிங்க் படத்தைத் தொட்டும் தொடங்கலாம். கருவியின் அடியிலுள்ள பத்துத் தொடுமுனைகளையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ரப்பரால் தேய்த்தால் தங்க முலாம் போய்விடும்.

புத்தகத்துக்கு வருவோம். அந்தக் காலத்துப் பொது வடிவம் பாம்-டாக். உரையை 4,096 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கி, பிடிபி (.pdb) என்ற கோப்பில் அடுக்கி வைப்பது. துண்டு சிறியதாக இருப்பதால்தான் 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் சில்லால்கூடக் காத்திருக்க வைக்காமல் பக்கத்தைப் பிரித்துக் காட்ட முடிகிறது. ஆங்கில உரை ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 500 கேபி நாவல் 270 கேபிக்குள் அடங்கினால், சொந்த விவரம் போக மிஞ்சும் 7 எம்பியில் இருபத்தைந்து நாவல் வைக்கலாம். பிடிபி கோப்பின் 60-ஆம் பைட்டிலிருந்து எட்டு எழுத்தைப் பார்த்தால் அது என்ன வகை என்று தெரியும். பாம்-டாக் ஆனால் ‘டெக்ஸ்ட்-ரீட்’ என்று இருக்கும், மோபி ஆனால் ‘புக்-மோபி’. ஆமாம், 2005-ல் அமேசான் வாங்கிய மோபிபாக்கெட்டின் கோப்பும், அதிலிருந்து வந்த கிண்டிலின் பழைய கோப்புகளும் இதே பிடிபி உறையில்தான் இருக்கின்றன.

மாற்றுவதற்கு இன்றும் காலிபர் என்ற மின்னூல் மென்பொருள் போதும். ஈபப் வடிவ மின்னூலைக் கொடுத்து வெளியீட்டு வடிவமாகப் பிடிபியைத் தேர்ந்து, பிடிபி அமைப்பில் டாக் என்று வையுங்கள். இலவச மின்னூல் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் சாதா உரையை அப்படியே மாற்றினால் வரிகள் பாதியில் உடைந்து நிற்கும். அந்த உரையில் ஒவ்வொரு வரிக்கும் முடிவுக்குறி இருக்கும், நம் திரையோ அந்த வரியில் பாதிதான் கொள்ளும். அதே நூலின் ஈபப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கருவியில் படிக்க சி-ஸ்பாட்-ரன் என்ற நிரல் இலவசம், சிறியது. படம் உள்ள பக்கங்களுக்கு பிளக்கர் என்ற நிரல். மின்வெட்டு நேரத்தில் படிக்கப் பவர் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் பின்னொளி வரும். அது பேட்டரியை வேகமாகத் தின்னும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ப் புத்தகம்தான் உண்மையான சவால். இந்த பாம் ஓஎஸ் எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்திருப்பது. யூனிகோட் தமிழை பாம்-டாக்காக மாற்றினால் திரை முழுக்கக் கேள்விக்குறி. கோப்பு கெட்டுவிட்டதோ என்று தேட வேண்டாம், அந்த எழுத்துகளுக்கு அங்கே இடமே கிடையாது. நடக்கிற வழி ஒன்று உண்டு: உரையைப் படமாக்கி ஏற்றுவது. மூல உரைக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் வந்த நூல்கள் இன்று யூனிகோடிலும் கிடைக்கின்றன. எழுத்துகளை முறையாக அமைக்கும் பாங்கோ இணைந்த இமேஜ்மேஜிக் என்ற பட நிரலில் அகலம் 150 புள்ளி, எழுத்து 14 புள்ளி என்று கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் படம் வரும். பாங்கோ இல்லாத பதிப்பில் ‘கொ’வின் கொம்பு விலகி நிற்கும், முதல் படத்திலேயே இதைச் சரிபாருங்கள். பிறகு கறுப்பு-வெள்ளையாக்கி ஒரு வலைப்பக்கத்தில் அடுக்கி, பிளக்கரின் மாற்றியில் கொடுக்க வேண்டும். 14 புள்ளிக்குக் கீழே போனால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும்.

கணக்கு இப்படி வரும். 150-க்கு 150 கறுப்பு-வெள்ளைப் படம் சுருக்காமலே 2,813 பைட். வரிக்கு 20 புள்ளி என்றால் ஒரு படத்தில் ஏழு வரி. குறளில் ஏழு சீர், சீருக்கு ஒரு வரி என்று மடக்கினால் திரையில் கச்சிதமாக ஒரு குறள். 1,330 குறளும் 3.74 எம்பிக்குள் அடங்கும், சுருக்கினால் இன்னும் குறையும். 8 எம்பி கருவியில் தாராளமாக நிற்கும். ஔவையின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தமிழ் நாவலை இந்த வழியில் ஏற்ற முயலாதீர்கள். ஆயிரக்கணக்கான படம் தேவைப்படும், ஒரு நாவலுக்கே நினைவகம் தீரும். நாவலுக்கு இன்றைய கருவியே சரி.

நாட்குறிப்பாக இது இன்றும் சிறந்தது. பொத்தானை அழுத்தியதும் பக்கம் வந்துவிடும். விலாசப் புத்தகத்தில் வகைகள் 15 வரை வைக்கலாம். நகரத்தார் வீட்டில், குலப் பிரிவுகளான ஒன்பது கோயிலுக்கும் ஒன்பது வகை போட்டால் ஆறு மிச்சம். தனிப்பயன் புலங்கள் நான்கு உண்டு, பெயரை நாமே மாற்றலாம்: ஊர், வீட்டு விலாசம், புள்ளி (மணமான தம்பதியைக் குறிக்கும் கோயில் கணக்கு), கோயில் பிரிவு. இங்கே விலாசம் என்றால் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை. அதைப் பெயர்ப் புலத்தில் சேர்த்தால் அகர வரிசை குழம்பும், தனிப் புலத்தில் வைத்தால் தேடலில் சிக்கும். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும். ஒரே பெயரை வீட்டில் எல்லோரும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குறிப்புப் பக்கம் ஒன்றில் 4,000 எழுத்துக்கு மேல் ஏற்காது. கல்யாணச் சாமான் பட்டியலைத் தலைப்புவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

நாட்குறிப்பின் திரும்ப வரும் நிகழ்வு ஆங்கிலத் தேதியையோ கிழமையையோதான் அறியும். பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் வருவது. டிசம்பரிலும் விழும், ஜனவரியிலும் விழும். ஆண்டுக்கு ஒரு முறை என்று போட்டுவிட்டால் மறு வருடமே தவறிப்போகும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் நோன்புக்கு இழை எடுக்கும் நாள், நட்சத்திரப் பிறந்தநாள், திதி எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஏற்றுங்கள். முதல் நாள் மாலைக்கு மணி வையுங்கள். பாம் ஓஎஸ் ஆண்டை 1904-லிருந்து ஏழு பிட்டில் எண்ணுவதால் அதன் நாட்காட்டி 2031 டிசம்பர் 31-ஓடு முடிகிறது. அதற்கு மேல் தேதி வைக்கவே முடியாது.

நம் ஊர் வெயிலும் தூசியும் இதற்குப் பகை. காரின் முன்பலகையில் வைத்தால் திரை முழுக்கக் கறுத்துவிடும். பயந்து எதையும் அழுத்தாமல் நிழலில் வைத்தால் தானாகத் தெளியும். பக்கவாட்டிலுள்ள கான்ட்ராஸ்ட் சக்கரத்தைக் கோடையில் குறைக்கவும் மார்கழிக் காலையில் கூட்டவும் வேண்டியிருக்கும். செம்மண் தூசி திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகினால், தொடாமலே தொட்டதுபோலக் கருவி தானாக இயங்கும், அல்லது தொட்ட இடம் ஒன்று, திறக்கும் இடம் வேறாக இருக்கும். விசிட்டிங் கார்டின் ஓரத்தை நாலு பக்கமும் சட்டத்தடியில் மெல்ல ஓட்டித் தூசியை எடுத்துவிட்டு, பிரிஃபரன்ஸ் என்ற அமைப்பில் தொடுதிரையைச் சீராக்கும் டிஜிட்டைசரைத் திறந்து குறிகளை எழுதுகோலால் தொட்டுச் சரிசெய்யுங்கள். எழுதும் பகுதியில் கீறல் விழாமல் இருக்க டேப் ஒட்டுவதானால் மங்கலான காகித வகை டேப்பை ஒட்டுங்கள். பளபளக்கும் சாதா டேப்பின் பசை சித்திரை வெயிலில் உருகித் திரையிலேயே தங்கும். திரையில் செங்குத்தாகக் கோடுகள் காணாமல் போயிருந்தால் உள்ளே பட்டைக் கேபிளின் ஒட்டு விட்டிருக்கிறது. வீட்டில் சரிசெய்ய முடியாது, அப்படிப்பட்ட கருவியை வாங்க வேண்டாம்.

இதே காலத்து ஃபிராங்க்ளின் இபுக்மேன் என்ற கைக்கருவி பற்றியும் ஒரு வார்த்தை. 200-க்கு 240 திரை, எம்எம்சி அட்டை, பாட்டு கேட்கும் வசதி என்று காகிதத்தில் பாமைவிட மேல். ஆனால் அதன் இயங்குதளமே கணினியிலிருந்து இறக்கி ஏற்ற வேண்டியது, பேட்டரி தீர்ந்தால் அதுவும் போய்விடும். அந்த மென்பொருள் கோப்பு முழுதாகக் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கருவி உறைந்து நின்றால் பின்பக்கத் துளையில் ரீசெட் ஊசி. த்ரீ வரிசையில் எழுதுகோலின் தலையைத் திருகினால் அதனுள்ளேயே இருக்கும். ஒரு முறை குத்தினால் விவரம் அழியாது. எழுந்து எழுந்து விழுந்தால் மேல் நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடி குத்துங்கள், கூடுதல் நிரல்கள் ஏறாமல் திறக்கும், குற்றவாளி நிரலை நீக்கலாம். பவர் பொத்தானை அழுத்தியபடி குத்துவது கடைசி வழி. எல்லாம் அழியட்டுமா என்று கேட்கும், மேல் பொத்தான் அழுத்தினால் அழியும்.

அப்படி அழித்தபின்போ, மழைக்காலத்தில் பேட்டரியை எடுத்து வைத்துத் தையில் திரும்ப எடுக்கும்போதோ, முதல் ஹாட்சிங்க்கில் பயனர் பெயர் கேட்கும். பழைய பெயரையே தேர்ந்தெடுங்கள். புதுப் பெயர் கொடுத்தால் வெற்றுக் கோப்புறையோடு இணைந்துகொண்டு காலியாகவே நிற்கும். அந்த ஒரு முறைக்கு மட்டும் ஒவ்வொரு பிரிவையும் கணினி கருவியை மேலெழுதட்டும் என்று மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். கருவியை எடுத்து வைக்கும்போதே பயனர் பெயரை ஒரு சீட்டில் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.